கையில் ஓடும் பச்சைக் கோடுகள்
இரத்தக் குழாய்களைக் கற்பிப்போம், காப்போம்

பத்தாம் வகுப்பில் இரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது நான் முதலில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "உங்கள் முன்கையைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாகக் கோடு கோடாகத் தெரிகிறதே, அது என்ன?"

ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ முழு வகுப்பும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: "நரம்பு, டீச்சர்!"

குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளில் பேசும் மொழி அப்படித்தான் இருக்கிறது. ஊசி போட வந்த செவிலியருக்கு "நரம்பு கிடைக்கவில்லை". கோபத்தில் கத்துபவருக்குக் "கழுத்து நரம்பு புடைக்கிறது". பாட்டிக்குக் காலில் "நரம்பு சுருட்டிக்கொண்டது". இவற்றில் எதுவுமே நரம்பு இல்லை. எல்லாமே இரத்தக் குழாய்கள். நரம்பு செய்தியைக் கடத்துகிறது, இரத்தக் குழாய் இரத்தத்தைக் கடத்துகிறது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்காமல் தமனி, சிரை, தந்துகி என்று கரும்பலகையில் எழுதினால், மாணவர்கள் அவற்றைத் தங்கள் உடலோடு தொடர்பில்லாத மூன்று புதிய சொற்களாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பாடநூல் படங்களில் தமனி சிவப்பாகவும் சிரை நீலமாகவும் வரையப்பட்டிருக்கும். அதைப் பார்த்துச் சிரையில் ஓடுவது நீல இரத்தம் என்று நம்பும் மாணவர்கள் பலர். மனித உடலில் நீல இரத்தம் கிடையாது. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பு. தோலும் அதன் அடியிலுள்ள திசுக்களும் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தால்தான் சிரை நம் கண்ணுக்குப் பச்சையாகவோ நீலமாகவோ தெரிகிறது. இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை என்று திசையை வைத்துக் கற்பித்தால், நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடுவதும் குழப்பம் தராது.

ஆனால் இந்த இரண்டையும்விடப் பெரிய தவறான எண்ணம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. இரத்தக் குழாய் என்றதும் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் போன்ற உயிரற்ற ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது விரிகிறது, சுருங்குகிறது, தன்னைத் தானே பழுது பார்க்கிறது, நம் பழக்கங்களுக்கேற்ப நலம் பெறவோ கெடவோ செய்கிறது. இதை உணர்ந்து கற்பிப்பது மாணவருக்கு மட்டுமல்ல, நமக்கும் தேவை. ஏன் தேவை என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று குழாய்கள், மூன்று வேலைகள்

அடிபம்பில் தண்ணீர் அடித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அடிக்கும்போது தண்ணீர் கொட்டும். கைப்பிடியை விட்டால் நின்றுவிடும். இதயமும் விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது. ஆனால் உடலில் இரத்தம் நின்று நின்று ஓடுவதில்லை. காரணம், பெருந்தமனியின் மீள்தன்மை. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி சற்றே விரிந்து அதை வாங்கிக்கொள்கிறது. இதயம் தளரும் நேரத்தில் தான் சுருங்கி இரத்தத்தை முன்னே அனுப்புகிறது. மணிக்கட்டில் நாம் தொட்டு உணரும் நாடித்துடிப்பு, தமனிச் சுவரின் இந்த விரிவும் சுருக்கமும்தான்.

தமனிகள் கிளைத்துச் சிறுத்து நுண்தமனிகளாகின்றன. இவற்றின் சுவரிலுள்ள தசை செய்யும் வேலையை நம் ஊர் ஏரிப் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். ஏரி நீரை எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் முழுமையாகத் திறந்துவிட முடியாது. ஒரு மடையைத் திறந்து மற்றொன்றை அடைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். பெரியவர் ஒருவர் உடலில் இருப்பது சுமார் 5 லிட்டர் இரத்தம். எல்லா உறுப்புகளின் குழாய்களும் ஒரே நேரத்தில் முழுமையாக விரிந்தால் அது போதாது. ஆகவே ஓடும்போது கால் தசைகளுக்குப் போகும் மடைகள் திறக்கின்றன, குடலுக்குப் போகும் மடைகள் சற்று மூடிக்கொள்கின்றன. சாப்பிட்டதும் குடலின் பக்கம் திறக்கிறது.

அடுத்து தந்துகி. இதன் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். இரத்தச் சிவப்பணுவின் விட்டமோ 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஆகவே பல இடங்களில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில நேரம் உடலை வளைத்துக்கொண்டுதான் செல்ல முடியும். தந்துகிச் சுவரின் தடிமன் ஒரே ஓர் அடுக்குச் செல். இங்கே இரத்தம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்து செல்கிறது. ஆக்சிஜனும் உணவும் செல்களுக்குப் போவதும் கழிவுகள் திரும்ப வருவதும் இந்த மெதுவான நடையில்தான் நடக்கின்றன. மற்ற குழாய்கள் எல்லாம் இரத்தத்தை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கும் இங்கிருந்து எடுத்துப் போவதற்கும்தான்.

தந்துகியை வகுப்பில் காட்ட நுண்ணோக்கி தேவையில்லை. கட்டைவிரல் நகத்தை அழுத்தச் சொல்லுங்கள், நகத்தடி வெளுக்கும். விட்டதும் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். வெளுத்தது தந்துகிகளிலிருந்து இரத்தம் வெளியேறியதால். சிவந்தது அது திரும்பியதால். மருத்துவமனைகளில் இரத்த ஓட்டத்தை விரைவாக மதிப்பிட இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

கடைசியாகச் சிரை. இங்கே அழுத்தம் மிகக் குறைவு, சுவர் மெல்லியது. ஒரு கையை ஒரு நிமிடம் தொங்கவிட்டுப் புறங்கையைப் பாருங்கள்: சிரைகள் புடைத்திருக்கும். அதே கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள்: சில நொடிகளில் அவை தட்டையாகிவிடும். புவியீர்ப்பு விசைக்கு இதைவிட எளிய உயிரியல் சான்று கிடையாது.

ஹார்வி போட்ட பெருக்கல் கணக்கு

இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பது இன்று ஆறாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். ஆனால் சுமார் 1,400 ஆண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் கேலன் சொன்னதையே நம்பினார்கள்: உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துவிடுகின்றன.

இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்வி இதை உடைத்தெறியப் பயன்படுத்திய முக்கியமான கருவி பெருக்கல். இன்று நமக்குத் தெரிந்த அளவுகளைக் கொண்டு அதே கணக்கை மாணவர்களைப் போடச் சொல்லலாம். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 5,040 மில்லிலிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 302 லிட்டர். 60 கிலோ எடையுள்ள மனிதரின் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு! ஒரு மணி நேரத்தில் இவ்வளவு இரத்தத்தைச் சாப்பாட்டிலிருந்து உண்டாக்க முடியுமா? முடியாது. அப்படியானால் அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

1628-இல் ஹார்வி வெளியிட்ட நூலில் ஒரு முன்கைப் படம் உண்டு. அந்தச் சோதனையை நம் வகுப்பிலேயே செய்யலாம். சிரை நன்றாகத் தெரியும் ஒருவர் கையைத் தொங்கவிடட்டும். மேற்கையை நண்பர் ஒருவர் லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும் (இறுகக் கட்டக் கூடாது, ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது). முன்கையில் புடைத்த சிரையின் மீது மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலை அழுத்தி வையுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கிச் சிரையைத் தடவிவிட்டு அந்த விரலை எடுத்துவிடுங்கள். மேலே உள்ள இரத்தம் கீழே இறங்கி வராது. வால்வு இருக்கும் இடம் வரை சிரை வெறுமையாகவே இருக்கும். இப்போது கீழ் விரலை எடுங்கள், சட்டென்று நிரம்பும். வால்வு இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே போகவிடுகிறது. எல்லோர் கையிலும் இது தெளிவாகத் தெரியாது. வகுப்பில் இரண்டு மூன்று பேருக்குத் தெரிந்தாலே போதும்.

ஹார்விக்கு ஒரு குறை இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் 1657-இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் மால்பிஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்துத் தந்துகிகளைக் கண்டார். இருந்தே ஆக வேண்டும் என்று கணக்கு சொன்னதை, கருவி வந்த பிறகு கண் பார்த்தது. அறிவியல் எப்படி நடக்கிறது என்று மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

குழாயின் உள்ளே ஓர் உயிருள்ள உறை

இரத்தக் குழாய்களின் உட்பரப்பு முழுவதும் எண்டோதீலியம் எனப்படும் ஓர் அடுக்குச் செல்கள் விரிந்திருக்கின்றன. வெகுகாலம் இதை வெறும் பூச்சு என்றே நினைத்தார்கள். அது அப்படியல்ல என்று தெரிந்தது ஆய்வகத்தில் நேர்ந்த ஒரு தவறால்.

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளின் மீது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி ஆராய்ந்துவந்தார். துண்டுகள் எப்போதும் சுருங்கின. 1978-இல் ஒருநாள் சோதனையின் வரிசையில் ஏற்பட்ட பிழையால், அதே பொருளுக்கு ஒரு துண்டு தளர்ந்தது. அவர் அதை ஒதுக்கிவிடாமல் காரணத்தைத் தேடினார். துண்டுகளைத் தயாரிக்கும்போது உட்பரப்பு தேய்க்கப்பட்டு எண்டோதீலியம் போய்விட்டிருந்தால் குழாய் சுருங்கியது. உறை சேதமில்லாமல் இருந்தால் தளர்ந்தது. தளரச் சொல்லும் செய்தி அந்த மெல்லிய உறையிலிருந்தே வருகிறது! அந்தச் செய்தியைக் கொண்டுசெல்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது பின்னர் உறுதியானது. இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதய வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவால்தான். அதே நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்தவர்தான் ஆல்ஃபிரட் நோபல்!

நமக்கு முக்கியமான செய்தி இதில்தான் உள்ளது. நாம் ஓடும்போது, விளையாடும்போது இரத்தம் வேகமாக உட்சுவரை உரசிச் செல்கிறது. அந்த உரசலை உணரும் எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது, குழாய் விரிகிறது. உறை நலமாக இருக்கும்வரை இரத்தம் வீணாக உறைவதில்லை, சுவரில் கொழுப்பு எளிதில் படிவதில்லை. புகையிலை, உயர் இரத்த அழுத்தம், கட்டுப்படாத சர்க்கரை, அதிகக் கொலஸ்ட்ரால் ஆகிய நான்கும் தாக்குவது இந்த உறையைத்தான். அடிபட்ட இடத்தில் கொழுப்பு புகுந்து படிகிறது. சுவர் தடித்து, உள்வழி குறுகுகிறது.

கொஞ்சம் குறுகினால் என்ன?

பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் பாய்சொய் சமன்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அழுத்தம் மாறாதபோது, குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். பாய்சொய் ஒரு மருத்துவர்; நுண்குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்ற கேள்விதான் அவரை இந்த ஆய்வுக்குக் கொண்டுவந்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் 41 விழுக்காடாகும். இரத்தக் குழாய் நேரான கண்ணாடிக் குழாய் அல்ல என்பதால் இதே எண் அப்படியே பொருந்தாது. ஆனால் சிறிய குறுகலும் பெரிய இழப்பு என்ற பாடம் பொருந்தும்.

தொடக்கத்தில் அந்தப் பகுதியின் நுண்தமனிகள் விரிந்து ஈடுகட்டிவிடுவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. தெரியும்போது நெடுநாள் ஆகியிருக்கும். எவ்வளவு நெடுநாள்? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் இதயத் தமனிகளில் இந்நோயின் அடையாளம் ஏதோ ஒரு அளவில் இருந்தது. முதியவர்களின் நோய் என்று நாம் நினைப்பது பள்ளி வயதிலேயே விதை போடுகிறது என்பதுதான் இதன் பொருள்.

வகுப்பறையில் வெளிவந்த எண்

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைப் பரிசோதிக்க எங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்திருந்தது. வேலை முடிந்ததும், இரத்த அழுத்தம் பார்ப்பதைப் பத்தாம் வகுப்புக்குச் செய்து காட்டும்படி செவிலியரைக் கேட்டுக்கொண்டேன். மாதிரிக்கு நானே உட்கார்ந்தேன்.

அவர் மிக அழகாக விளக்கினார். கையைச் சுற்றிய பட்டை காற்றால் இறுகும்போது தமனி மூடிக்கொள்கிறது. காற்றை மெல்ல விடும்போது, இரத்தம் முதன்முதலில் பீறிட்டுப் பாயும் சத்தம் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இடம் மேல் அளவு. சத்தம் மறையும் இடம் கீழ் அளவு. இயல்பு 120/80 என்று மாணவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். கருவியைப் பார்த்த செவிலியர் சற்றே தயங்கி, "இன்னொரு தடவை பார்த்துடலாம் டீச்சர்" என்றார். இரண்டாம் முறையும் 168/104.

முன் வரிசையில் இருந்த மாணவி கேட்டாள்: "டீச்சர், உங்களுக்கு அதிகமா இருக்கே?"

எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. முந்தைய நாள் வரை "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றே இருந்தேன். ஒருமுறை பார்த்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு நாட்களிலும் பார்த்தார்கள். 140/90-ஐத் தாண்டியே இருந்தது. மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் அளவு சீரானதும், குணமாகிவிட்டது என்று நானே நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் மீண்டும் ஏறியிருந்தது. "சீரானதால் மாத்திரை தேவையில்லை என்று இல்லை, மாத்திரை சாப்பிடுவதால்தான் சீராக இருக்கிறது" என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இத்தனை ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் நான்!

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மூளை, சிறுநீரகம், கண், இதயம் ஆகியவற்றின் குழாய்களை அமைதியாகக் கெடுத்துக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இதற்குக் கட்டணம் கிடையாது. முப்பது வயதைக் கடந்த ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது.

நிற்பவர்களின் கால்கள்

நம் தொழில் நின்றுகொண்டே செய்யும் தொழில். அசையாமல் நிற்கும்போது பாதச் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை உயர்கிறது. நடக்கும்போது 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. வால்வுகள் அது கீழே இறங்காமல் காக்கின்றன. வால்வுகள் பழுதானால் இரத்தம் தேங்கி, சிரை வீங்கி, சுருண்டுகொள்கிறது. நாம் "நரம்புச் சுருட்டல்" என்பது இதைத்தான்.

ஆகவே ஒரே இடத்தில் நின்று பாடம் நடத்தாமல் வரிசைகளுக்கிடையே நடந்து நடத்துங்கள். மாணவர் எழுதும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். வீட்டில் சிறிது நேரம் காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் மயங்கி விழுவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். அசையாமல் நிற்பதால் கால்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. வெயிலும் வெறும் வயிறும் அதைக் கூட்டுகின்றன. விழுந்த பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. படுத்த நிலையிலேயே கால்களைச் சற்று உயர்த்திப் பிடித்தால் விரைவில் தெளியும். ஓடும்போது மயங்கினாலோ, அடிக்கடி மயங்கினாலோ மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

கடன் வாங்கும் பாடவேளை

மாணவர்களுக்கு நாம் செய்யக்கூடியவை எளியவை. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு சிறு கரண்டிக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தைகளுக்கு அதைவிடவும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டம் ஆகியவற்றின் உப்பும் இந்தக் கணக்கில் சேரும். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டுள்ள சோடியம் அளவைப் படித்து, 2.5-ஆல் பெருக்கி உப்பின் அளவைக் கண்டுபிடிப்பதை ஒரு செயல்பாடாகவே தரலாம். வீட்டிலுள்ள பெரியவர்கள் கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லலாம். எண் வேண்டாம், எப்போது என்பது மட்டும் போதும். "பார்த்ததே இல்லை" என்று எழுதிவரும் குழந்தை, அன்றே அந்த வீட்டில் ஒரு பேச்சைத் தொடங்கியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பள்ளி வயதினருக்கு நாள்தோறும் 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது அதே நிறுவனம். ஆனால் பாடம் முடியவில்லை என்று நாம் முதலில் கை வைப்பது விளையாட்டுப் பாடவேளையில்தான். நானும் பலமுறை கேட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது வாங்குவதில்லை. இரத்தக் குழாயின் படத்தை நான் வகுப்பில் வரையும் நாற்பது நிமிடத்தைவிட, மைதானத்தில் ஓடும் நாற்பது நிமிடம் அவர்களின் இரத்தக் குழாய்களுக்கு அதிகம் செய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வழியில் பார்த்தால் இன்றும் முதலில் கேட்பது, "டீச்சர், பி.பி. பார்த்தீங்களா?"